கிழவன் என்றொரு பிள்ளை

எங்கள் ஊரில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது யோசிக்கிற வேலையே இல்லை. தலைச்சன் ஆணாகப் பிறந்தால் அப்பாவைப் பெற்றவர் பெயர். அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். கல்யாண விருந்தில் மணப்பெண் வாதுமை மிட்டாயை வாயில் போடும்போதே அவளுக்குப் பிறக்கப்போகிற மகனின் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும். "என்ன பேரு வைக்கப்போற?" என்று யாராவது கேட்டால் அந்த ஆள் எங்கள் சிசிலித் தீவுக்கு வெளியே இருந்து வந்தவர் என்று அர்த்தம்.

ஜெர்லாந்தா ஒனோஃப்ரியோவைக் கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே அவளுடைய முதல் மகன் கஸ்பாரே. மாமனார் பெயர் அது. மாமனாரின் அப்பா ஒனோஃப்ரியோ, அவருடைய அப்பா கஸ்பாரே. கிணற்று வாளி மேலும் கீழும் போய்வருவதுபோல இரண்டே பெயர்கள் அந்தக் குடும்பத்தில் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. நடுவில் யாரும் கயிற்றைத் தொட்டதில்லை.

அவள் பெற்ற முதல் கஸ்பாரே பல் முளைக்கிற பருவத்தில் காய்ச்சலில் போனான். செத்த பிள்ளையின் பெயர் வீணாகக் கூடாது, அடுத்த பிள்ளைக்குப் போகும். அதுவும் எங்கள் வழக்கம்தான். ஆகவே இரண்டாமவனும் கஸ்பாரே. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தான். குளிர்காலத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு அவனும் போய்ச் சேர்ந்தான்.

சின்னப் பிள்ளை செத்தால் எங்கள் கோயிலில் துக்க மணி அடிப்பதில்லை. திருவிழா மணி அடிப்பார்கள். பாவம் அறியாத பிள்ளை நேரே வானத்துத் தூதர்களான சம்மனசுகள் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது, சந்தோஷப்படு என்று பொருள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, "உனக்கு மேலே ரெண்டு சம்மனசு இருக்குடி, குடுத்து வச்சவ" என்றார்கள். இரண்டாம் முறை அந்த மணி கணகணவென்று அடித்தபோது ஜெர்லாந்தா கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, அச்சில் போடமுடியாத ஒரு வார்த்தை சொன்னாள். சொன்னதில் தப்பே இல்லை என்பது என் கட்சி.

அவளுக்குத் தொழில் ரொட்டி சுடுவது. தெருக்கோடியில் அவள் அம்மா விட்டுப்போன பெரிய அடுப்பு. வாதுமை ஓட்டையும் வெட்டிக் கழித்த திராட்சைக் கொடிகளையும் போட்டு எரிப்பாள். பெண்கள் வீட்டில் பிசைந்த மாவைத் தலையில் சுமந்துகொண்டு வந்து அவளிடம் சுட்டு வாங்கிப் போவார்கள். ஜூன் மாதத்தில் எங்கள் புனிதர் சான் கலோஜெரோவின் திருநாள் வந்தால் அவளுக்கு நிற்க நேரம் இருக்காது. யாருக்கு எந்த உறுப்பு குணமானதோ அந்த உறுப்பின் வடிவத்தில் ரொட்டி சுட்டுப் புனிதருக்குக் கொடுக்க வேண்டும். கை, கால், காது, மார்பு என்று ஊரின் நோயெல்லாம் அவள் பலகையில் எள் தூவிக் கிடக்கும். யாருக்கு எங்கே வலி என்பது அவளுக்கும் புனிதருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

மூன்றாவதாக அவள் உண்டாகியிருந்த வருஷம், திருநாளுக்கு முந்தின நாள், கூடையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பங்குச் சாமியார் வெனன்சியோ புனிதரின் சிலைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சூடான ரொட்டி ஒன்றைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். நல்ல மனுஷர். வயிறு நிறைந்தால் வாய் திறந்துகொள்ளும்.

"தாடிக்குப் புதுச் சாயம் அடிச்சிருக்கீங்க போலருக்கே, சாமி" என்றாள் ஜெர்லாந்தா. புனிதரின் கறுத்த முகத்தில் தாடி பால்போல வெளுத்திருந்தது.

"தாடி இல்லாம அவரு ஏது? பேருலேயே தாடி இருக்கே."

"பேருலயா?"

"கலோஜெரோன்னா என்னன்னு நெனச்சே? கிரேக்கப் பேச்சு அது. முன்பாதி 'நல்ல'. பின்பாதி 'கிழவன்'. அந்தக் காலத்துல கடல் தாண்டி வந்து குகையில உக்காந்து தவம் பண்ண துறவிங்களை எல்லாம் சனங்க அப்படித்தான் கூப்பிட்டாங்க. நல்ல கிழவரே, நல்ல கிழவரேன்னு. கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பேராயிடுச்சு."

"அப்போ இந்த ஊருல தொட்டில்ல கெடக்குற கலோஜெரோ எல்லாம்?"

"அத்தனை பேரும் கிழவனுங்கதான்!" சாமியார் ரொட்டித் துகள் தெறிக்கச் சிரித்தார்.

ஜெர்லாந்தா சிரிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்தத் தாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து தினமும் காதில் விழுந்த பெயர். உள்ளே இப்படி ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பது இப்போதுதான் தெரிகிறது.

"கஸ்பாரேன்னா என்ன சாமி?"

"அது பாரசீகப் பேரு. பொக்கிஷத்துக்குக் காவல் இருக்குறவன்னு சொல்லுவாங்க."

"ரெண்டு பொக்கிஷமும் மண்ணுக்குள்ள கெடக்கு. இனி காவல் எதுக்கு?"

சாமியார் மெல்லுவதை நிறுத்தினார். அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "ஜெர்லாந்தா, பேரு தாயத்து இல்லம்மா. கல்லறைத் தோட்டத்துல போயிப் பாரு. கலோஜெரோவும் கெடக்கான், சின்னதும் பெருசுமா."

"தெரியும் சாமி. நான் ஏமாறல. ஆனா தெனமும் வாயாரச் சொல்லலாமில்ல? சாப்பிட வாடா கிழவா, தூங்குடா கிழவான்னு. எனக்கு சம்மனசு வேணாம். இருக்குற ரெண்டு போதும். எனக்கு ஒரு கிழவன் வேணும்."

அன்று இரவு கணவன் சுரங்கத்திலிருந்து உடம்பெல்லாம் கந்தக மஞ்சளோடு வந்து, அவரைக்கூழில் எண்ணெயை ஊற்றிக் கிளறும்போது விஷயத்தைச் சொன்னாள்.

"ஆம்பளப் பிள்ளையாப் பொறந்தா கலோஜெரோ."

ஒனோஃப்ரியோவின் கரண்டி நின்றது. "யாரு கலோஜெரோ?"

"உன் மகன்."

"எங்கப்பா பேரு கஸ்பாரேடி."

"எனக்குத் தெரியாதா? ரெண்டு தடவை அந்தப் பேரைச் சொல்லித்தானே ஒப்பாரி வச்சேன்."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். அவனுக்கும் அவை பிள்ளைகள்தான். கடைசியில், "அப்பாகிட்ட யாரு சொல்றது?" என்றான்.

"நீதான். உங்கப்பா."

ஒனோஃப்ரியோ பூமிக்குள் எத்தனையோ ஆழத்தில் பாறை தலைக்கு மேல் முனகுகிற இடத்தில் வேலை செய்கிறவன். அங்கே பயப்படாதவன் அப்பாவின் மீசைக்குப் பயந்தான். முதல் தடவை போய், கோவேறு கழுதைக்கு லாடம் தேய்ந்துவிட்டது என்ற சேதியோடு திரும்பி வந்தான். இரண்டாம் தடவை அப்பா கொடுத்த முட்டைகளோடு வந்தான். மூன்றாம் தடவை, தொட்டிலுக்குப் புதுச் சாயம் பூசிக் 'கஸ்பாரே' என்று எழுதிவிடலாம் என்று அப்பா சொன்னதற்குத் தலையாட்டிவிட்டே வந்தான்.

"உன்னை நம்பினா கோயில் சுவர்லயே எழுதிடுவாங்க" என்று சொல்லிவிட்டு, ஜெர்லாந்தா வயிற்றைத் தூக்கிக்கொண்டு தானே கிளம்பினாள்.

கஸ்பாரே தன் கொட்டிலில் கழுதைக்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவி போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தக் கழுதையும் மீசையும் பெயரும்தான் அவர் சொத்து. மருமகளைக் கண்டதும் ஒரு முக்காலியைக் காலால் தள்ளிப் போட்டார்.

"உக்காரு. பாரம் சொமக்குறவ நிக்கக்கூடாது."

அவள் உட்காரவில்லை. "மாமா, பிள்ளைக்குப் பேரு முடிவு பண்ணிட்டேன்."

"பேரு என்ன சந்தைக் கத்திரிக்காயா, பொறுக்கி எடுக்க? பேரு இருக்கு. நான் இருக்கேனே."

"இந்தத் தடவை கலோஜெரோ."

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "புனிதருக்கு நேர்ந்துக்கிட்டியா? நேர்ச்சைன்னா சரி, ரெண்டாவது பேரா வச்சுக்க. கஸ்பாரே கலோஜெரோ. அவரும் கோவிச்சுக்கமாட்டாரு, நானும் கோவிச்சுக்கமாட்டேன்."

இங்கேதான் அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம், நேர்ச்சை, புனிதர் கனவில் வந்து கேட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருக்கும். புனிதர் கேட்டால் யார் மறுப்பது? அவள் சொல்லவில்லை. புனிதர் பெயரில் பொய் சொல்லிப் பிள்ளையை வளர்க்க அவளுக்கு மனம் இல்லை.

"நேர்ச்சை இல்ல மாமா. என் முடிவு. முன்னாலயும் பின்னாலயும் கஸ்பாரே வேணாம்."

கிழவர் திரும்பினார். "உசுரோட இருக்குறவன் பேரைத் தள்ளினா அவனை உசுரோட பொதைச்ச மாதிரி. உங்க வீட்டுல சொல்லிக் குடுக்கலயா?"

"உங்களை யாரும் பொதைக்கல. உங்க பேரைத்தான் ரெண்டு தடவை பொதைச்சிருக்கோம். கல்லறைத் தோட்டத்துல போய்ப் பாருங்க, ரெண்டு சின்னச் சிலுவையில எழுதியிருக்கு. மூணாவது சிலுவைக்கு நான் பிள்ளை பெத்துத் தரமாட்டேன்."

கஸ்பாரே கழுதையின் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே தேய்த்த இடத்தையே மறுபடியும் தேய்த்தார். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "என் பேரு இல்லாதவன் என் பேரன் இல்ல. போ."

ஊர் கிழவர் பக்கம் சாய்ந்தது. சாயத்தானே செய்யும்? இன்றைக்கு இவளை விட்டால் நாளைக்கு அவரவர் மருமகளும் ஆரம்பிப்பாளே. மாவுத் தட்டுகள் பாதி மேலத்தெரு அடுப்புக்குப் போயின. வந்தவர்களும் சும்மா வரவில்லை.

"ஏண்டி, ஒனக்கு மட்டும்தான் பிள்ளை செத்துச்சா? எனக்கு நாலு போச்சு. நான் பேரை மாத்தினேனா?" என்றாள் ஒருத்தி.

"மாத்தியிருக்கலாம்" என்றாள் ஜெர்லாந்தா, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாவை இந்தப் பக்கம் வை. புளிச்சு வழியுது."

ஆலிவ் பறிக்கிற பருவத்தில் பிள்ளை பிறந்தான். ஆண். அழுத குரலைக் கேட்டுத் தெருக்கோடியில் நாய் குரைத்தது என்று மருத்துவச்சி நூன்சியா பெருமையாகச் சொல்லித் திரிந்தாள்.

எங்கள் வழக்கப்படி பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குத் தாய் போகக்கூடாது. தீட்டுக் கழித்துச் சாமியார் கையால் ஆசீர்வாதம் வாங்கும்வரை அவள் கோயில் வாசலை மிதிக்கமாட்டாள். பிள்ளையை மருத்துவச்சி தூக்கிப் போவாள். தொட்டியண்டை நின்று பெயரைச் சொல்வது ஞானத்தகப்பன். அதாவது, பத்து மாதம் சுமந்தவளின் பிள்ளைக்கு என்ன பெயர் விழுகிறது என்பது இன்னொருத்தன் நாக்கில் இருக்கிறது. இந்த ஏற்பாட்டைச் செய்தவன் நிச்சயம் ஆம்பளையாகத்தான் இருக்க வேண்டும்.

ஞானத்தகப்பன் முடிதிருத்துகிற இக்னாசியோ. முந்தின இரண்டு பிள்ளைகளையும் அவன்தான் தொட்டியில் ஏந்தினான். கஸ்பாரேயுடன் தினமும் சீட்டாடுகிறவன். அவனையும் மாற்றினால் சண்டை இரண்டாகிவிடும் என்று ஜெர்லாந்தா மாற்றவில்லை. கட்டிலில் படுத்தபடி அவனைக் கூப்பிட்டுப் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக் கொடுத்தாள்.

"என்ன பேரு?"

"கலோஜெரோ."

"சாமியார் கேட்டா?"

"கலோஜெரோ. என்ன தங்கச்சி, எனக்கென்ன நாக்கு இல்லையா?"

ஊர்வலம் கிளம்பிப் போனது. ஜெர்லாந்தா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரு காலியான பிறகு எதிர்ச் சந்திலிருந்து மாமனார் வந்தார். கறுப்புச் சூட்டும் தொப்பியும் போட்டிருந்தார். வரமாட்டேன், அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று சதுக்கத்தில் சொன்ன மனுஷர், நிதானமாகக் கோயிலைப் பார்த்து நடந்தார்.

அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரு தூணில் சாய்ந்து நின்று இக்னாசியோவைப் பார்த்தால் போதும்.

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து, ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக ஏற்றத்தில் ஏறினாள். வழியில் ஒரு பெண் "ஐயோ, எங்கடி போற?" என்று தடுக்க வந்தவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

கோயிலுக்குள் சாமியார் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள்?"

இக்னாசியோ சாமியாரைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், தூணைப் பார்த்தான். தூணருகே கஸ்பாரே நின்றிருந்தார். இரண்டு தடவை சொல்லிப் பழகிய வாய் தானாகத் திறந்தது.

"கஸ்..."

"கலோஜெரோ!"

எல்லோரும் திரும்பினார்கள். வாசலில் ஜெர்லாந்தா, கதவைப் பிடித்துக்கொண்டு. பெண்கள் பதறிப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒனோஃப்ரியோ ஓடிவந்து அவளைத் தாங்கினான். அன்றைக்கு அவன் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

"ஜெர்லாந்தா, பேரு சொல்லவேண்டியது ஞானத்தகப்பன்தான்" என்றார் சாமியார் மெதுவாக. "தாய் சொன்னா செல்லாது."

அவள் கணவன் தோளில் கைவைத்துத் தொட்டிவரை நடந்தாள். "இக்னாசியோ அண்ணே, ரெண்டு தடவை இந்தத் தொட்டியில நீங்க அந்தப் பேரைச் சொன்னீங்க. ரெண்டு தடவையும் பெட்டியைக் கல்லறைக்குத் தூக்கிட்டுப் போனதும் நீங்கதான். அது எவ்வளவு லேசா இருந்துச்சுன்னு உங்க கைக்குத் தெரியும். இப்போ சொல்லுங்க."

இக்னாசியோ தூணைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்துச் சொன்னான். "கலோஜெரோ."

சாமியார் அவசர அவசரமாகத் தண்ணீரை ஊற்றினார். கஸ்பாரே கோயிலுக்குள்ளேயே தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். எங்கள் ஊரில் ஆம்பளை கடவுளுக்கு முன்னால் தொப்பி போட்டால் அதற்கு மேல் பேச எதுவும் இல்லை என்று பொருள்.

அதன் பிறகு அவர் மருமகளுக்கு முகம் கொடுக்கவில்லை. மகனோடு பேசுவார். மகன் தோளில் பிள்ளை இருந்தால் பிள்ளைக்கு மேலே காற்றைப் பார்த்துப் பேசுவார். சதுக்கத்தில் யாராவது, "பேரன் எப்படி இருக்கான்?" என்றால், "யாரு பேரன்?" என்பார்.

ஜெர்லாந்தா அதற்கெல்லாம் ஓய்ந்துபோகிற ஆள் இல்லை. அடுப்பருகே மாவுக் கூடையில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசினாள். "என்னடா கிழவா, பசியா? மீசை எங்கடா கிழவா?" முதலில் முகத்தைச் சுளித்த பெண்கள் பிறகு சிரித்தார்கள். மேலத்தெரு அடுப்பில் அடி தீய்ந்து மேல் வேகாத ரொட்டியைத் தின்று அலுத்து ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள். வந்தவர்களும் குனிந்து, "கிழவன் இன்னிக்கு எப்படி இருக்காரு?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது குளிர்காலத்தில் பிள்ளைக்குத் தொண்டை அடைத்தது.

அதே இருமல். அதே சீறல். இரண்டாவது கஸ்பாரே சுவரைப் பிடித்து நின்ற அதே வயது. நகரத்திலிருந்து வைத்தியர் வந்து ஊசி போட்டார். இனிக் காத்திருக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினார்கள். நடு நடுவே ஒருத்தி வாயைத் திறந்தாள்.

"பெரியவரு மனசு நொந்தது சும்மா விடுமா? போய்க் கால்ல விழுடி. பேரை மாத்திடறேன்னு சொல்லு."

ஒனோஃப்ரியோ அவள் முன்னால் மண்டியிட்டான். "மாத்திடலாம் ஜெர்லாந்தா. பேருதானே. பிள்ளை பொழச்சா போதும்."

அவள் ஒரு கணம் அசைந்துவிட்டாள். பிடிவாதத்தால் பிள்ளையைக் கொன்றுகொண்டிருக்கிறேனோ என்ற எண்ணம் வந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒரு தாய்க்கு வரமுடியாது. எழுந்து மாமனார் வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றுகூட இருந்தது. பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"மாத்தி என்னன்னு கூப்பிடுவேன்? கஸ்பாரேன்னு வாயைத் திறந்தா எனக்கு அழத்தான் வரும், ஒனோஃப்ரியோ. அது மட்டும்தான் என் வாய்க்குப் பழக்கம். இவன் போறதா இருந்தாலும் என் கிழவனாத்தான் போவான்." பிள்ளையைத் தூக்கி நிமிர்த்தி மார்பில் சாய்த்துக்கொண்டாள். "மூச்சை இழுடா கிழவா. இழு. இன்னொண்ணு. அப்படித்தான்."

விடிந்து, தெருவில் வெயில் நன்றாக ஏறிய பிறகு வாசலில் நிழல் விழுந்தது. கஸ்பாரே. காலில் செருப்பு இல்லை. முழங்கால்வரை சேறு. தொப்பி கையில் இருந்தது. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துவிட்டு எழுந்து ஒதுங்கினார்கள்.

"மூச்சு இருக்கா?" என்று கேட்டார். ஜெர்லாந்தாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இருக்கு."

"நான் அவருகிட்ட போயிட்டுத்தான் வர்றேன்."

"யாருகிட்ட மாமா?"

"குன்று மேல. அந்தக் கறுத்த கிழவருகிட்ட."

குன்றின் மேல் புனிதர் தவம் செய்ததாகச் சொல்லும் குகையும் அதில் அவர் சிலையும் இருக்கின்றன. வெறுங்காலோடு ஏறிப் போய்ச் சத்தமாகக் கேட்பது எங்கள் வழக்கம். புனிதருக்கு வயதாகிவிட்டது, காது மந்தம், ஆயிரம் பேர் கேட்கிறார்கள், ஆகவே தெளிவாகக் கேட்க வேண்டும்.

கஸ்பாரே தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மொதல்ல, என் பேரனைக் காப்பாத்துன்னேன். அவரு சும்மா பாத்துக்கிட்டு நின்னாரு. எவன் பேரன்னு அவருக்கு என்ன தெரியும்? ஊருல பாதிக் குழந்தைக்கு இருமல். அப்புறம் ஒனோஃப்ரியோ மகன்னேன். ஒனோஃப்ரியோவும் ஊருல ரெண்டு மூணு பேரு இருக்கான். பேரு சொல்லாம கேட்டு, அவரு குடுக்குற உசுரு வேற எவன் வீட்டுக்காவது போயிடுச்சுன்னா..."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சொன்னேன்."

"என்னன்னு?"

"ஏண்டி, என்னை அழ வைக்கணும்னே கேக்குறியா?" "கலோஜெரோன்னு. கலோஜெரோவை விட்டுடுன்னு கத்தினேன். மெழுகுவத்தி விக்கிறவன் ஓடிவந்துட்டான், எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு."

ஜெர்லாந்தா கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். அவர் சேற்றுக் காலோடு உட்கார்ந்து, பிள்ளையின் உள்ளங்காலைத் தன் பெரிய கைக்குள் வைத்துக்கொண்டார். மாலைவரை அந்தக் கையை எடுக்கவில்லை.

பிள்ளை பிழைத்தான். வைத்தியர் தன் ஊசி என்றார். பெண்கள் தங்கள் ஜெபமாலை என்றார்கள். குன்றின் மேல் தான் போட்ட சத்தம் என்று கஸ்பாரே சீட்டாட்டத்தில் அடித்துச் சொன்னார். ஜெர்லாந்தா யாரோடும் வாதாடவில்லை. ஜூன் திருநாளுக்கு ஒரு பெரிய ரொட்டியைக் கழுத்தும் திறந்த வாயுமாகச் செய்து எள் தூவிச் சுட்டாள். அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "கலோஜெரோவுக்காக!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு கூட்டத்தில் புகுந்தவர் கஸ்பாரேதான்.

அதற்கு மறுவருஷம் அவளுக்கு இன்னொரு மகன் பிறந்தான். வரிசைப்படி இவனுக்கு அவள் அப்பா ரொசாரியோவின் பெயர். ஊர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. பிள்ளையைச் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜெர்லாந்தா மாமனாரின் கொட்டிலுக்குப் போனாள். மூத்தவன் கலோஜெரோ கழுதை மேல் உட்கார்ந்து அதன் காதைத் திருகிக்கொண்டிருந்தான். கிழவர் பக்கத்தில் நின்று அவன் இடுப்பைப் பிடித்திருந்தார்.

"மாமா, சின்னவனுக்குக் கஸ்பாரேன்னு வைக்கட்டுமா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "ஊரையே எதிர்த்து வேணாம்னவ நீ."

"அப்போ நீங்க கேட்டீங்க. நான் தரமாட்டேன்னேன். இப்போ நீங்க கேக்கல. அந்தப் பேரு மேல எனக்குக் கோவம் கெடையாது மாமா. பயம்தான். பயம் இன்னும் இருக்கு. இருந்தாலும் வைக்கிறேன்."

கிழவர் சால்வையை விலக்கிச் சின்னவனின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பெயருக்காகத்தான் அவர் ஒரு வருஷத்துக்கு மேல் சொந்த ரத்தத்தைக் கண்ணெடுத்துப் பார்க்காமல் இருந்தார். இப்போது அது தானாகக் கைக்கு வருகிறது.

"வேணாம்" என்றார்.

"மாமா..."

"வேணாம்ங்குறேன். ரெண்டு பசங்க அதை எடுத்துட்டுப் போயிட்டாங்க. மிச்சத்தை நானே எடுத்துட்டுப் போறேன். என்னோட முடியட்டும்."

"அப்போ எங்கப்பா பேரே வைக்கட்டுமா? ரொசாரியோன்னு?"

"உங்கப்பா எத்தனை வயசுல போனாரு?"

"நாப்பதுகூட ஆகல."

"அப்போ அதுவும் வேணாம்." கலோஜெரோ சரியப் பார்த்தான். அவர் ஒரு கையால் அவனை இழுத்து நேராக உட்காரவைத்தார். "நீ அந்தச் சாமியாரை நல்லாச் சாப்பிட வச்சிட்டுக் கேளு. கிழவன்னு அர்த்தம் வர்ற பேரு இன்னொண்ணு இருக்கான்னு."